மன்னார்க் கரையில் பெண்ணின் ஆயுளும் ஆணின் சாவும்

1946ஆம் ஆண்டில் இலங்கையில் பிறந்த ஆண் குழந்தைக்குக் கணிக்கப்பட்ட ஆயுள் 43.9 ஆண்டு; பெண் குழந்தைக்கு 41.6. அதே நாட்டின் 2011–2013 ஆயுள் அட்டவணையில் ஆணுக்கு 72.0, பெண்ணுக்கு 78.6. இரண்டு ஆண்டுக்கு மேல் பின்தங்கி நின்ற பெண் ஆறரை ஆண்டு முந்திவிட்டாள். 1946இல் பிறந்த ஒருத்தி இரண்டாவது கணக்கின் காலத்தில் எழுபதை நெருங்கியிருப்பாள். ஒரே ஆயுளுக்குள் நிகழ்ந்த மாற்றம் இது. இந்த இடைக்காலத்தில் பெண்ணின் நிறப்புரி மாறவில்லை, சுரப்பிகளும் மாறவில்லை. ஆகவே, பெண் நெடுநாள் வாழ்வது உடம்பின் வரம் மட்டுமே என்ற விளக்கம் இலங்கையின் முன் தடுமாறுகிறது. மலேரியாவும் கடலும் போரும் ஒருசேரத் தாக்கிய மன்னார்த் தீவையும் அதன் கரையையும் வைத்துப் பார்த்தால் அது ஏன் தடுமாறுகிறது என்பது விளங்கும்.

உயிரியலை ஒதுக்கிவிடவும் முடியாது. பெண்ணுக்கு எக்ஸ் நிறப்புரி இரண்டு. ஒன்றிலுள்ள பழுதை மற்றது ஈடுசெய்யும். மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் இரத்தக்குழாய்களைக் காக்கிறது. விர்ஜீனியா சருல்லியும் சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு பஞ்சம், கொள்ளைநோய், அடிமை வாழ்வு ஆகியவற்றில் சிக்கிய மக்களை ஆராய்ந்தது. 1933ஆம் ஆண்டின் உக்ரைன் பஞ்சமும் அதில் அடக்கம். அத்தகைய கொடுமையிலும் பெரும்பாலும் பெண்களே கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள். அந்த முந்துகையில் பெரும்பங்கு பெண் சிசுக்கள் பிழைத்ததால் வந்தது.

ஆனால் உடம்பு தரும் முந்துகை எவ்வளவு? ஜெர்மனியின் மார்க் லூய் பவேரியாவின் கத்தோலிக்க மடங்களில் வாழ்ந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட துறவிகளின் ஆயுளைக் கணக்கிட்டார். ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே வகையான உணவை உண்டு, ஒரே அமைதியில் வாழ்ந்த துறவியருக்கும் கன்னியருக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஓர் ஆண்டுதான். வெளியே சாதாரண ஜெர்மானியரிடம் அது பலமடங்கு இருந்தது. இதற்கு மாறாகக் கொரிய அரண்மனை நபும்சகர்கள் பற்றிய 2012ஆம் ஆண்டு ஆய்வை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அவர்கள் தம் நிலைக்கு ஒப்பான மற்ற ஆண்களைவிட 14 முதல் 19 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள் என்கிறது அது. ஆனால் அந்த ஆய்வு பார்த்தது 81 பேரை மட்டுமே. ஆயிரக்கணக்கானோரின் பதிவேடுகளில் எழுந்த மடக் கணக்கையே இக்கட்டுரை நம்புகிறது. உடம்பின் பங்கு ஒன்றிரண்டு ஆண்டு; மிச்சம் வாழும் விதத்தில் இருக்கிறது.

அந்த ஒன்றிரண்டு ஆண்டுகூட 1946இல் இலங்கைப் பெண்ணுக்குக் கிட்டவில்லை. 1930களில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். ஆறேழு பிள்ளை பெறுபவள் அந்த ஆபத்தை ஆறேழு தடவை கடக்க வேண்டியிருந்தது. மன்னாரில் இதனோடு மலேரியாவும் சேர்ந்தது. 1934–35இல் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற கொள்ளைநோய் தென்மேற்கைத்தான் பெரிதும் உலுக்கியது. அங்கே மலேரியா எப்போதாவது வரும் விருந்தாளி. மன்னார் போன்ற வறண்ட வலயத்திலோ அது வீட்டோடு குடியிருந்தது. அருவியாறு கோடையில் வற்றும்போது மணலில் தேங்கும் குட்டைகள் நுளம்புக்குத் தோதான இடங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சலில் விழுந்தவளுக்கு இரத்தம் குறையும். அந்த உடம்போடு பிள்ளைப்பேற்றுக்குப் போனவள் சிறிது இரத்தம் போனாலும் தாங்கமாட்டாள். மலேரியா ஆணையும் பெண்ணையும் ஒன்றுபோலத்தான் பிடித்தது. கொல்லும்போது கர்ப்பிணியையே அதிகம் கொன்றது.

1946–47இல் டிடிடி தெளிப்பு பரவலானது. நாட்டின் இறப்பு வீதம் ஒரே ஆண்டில் ஆயிரத்துக்கு 20இலிருந்து 14 அளவுக்கு இறங்கியது. இது யாருடைய வெற்றி என்பதில் அறிஞர்கள் நெடுநாள் வாதிட்டார்கள். பீட்டர் நியூமன் மருந்துத் தெளிப்புக்கே பெரும்பங்கு தந்தார். எஸ். ஏ. மீகம வைத்தியசாலைகளும் மருத்துவமாதுகளும் புதிய மருந்துகளும் செய்ததை எடுத்துக்காட்டி மறுத்தார். பெண்களின் ஆயுளைப் பொறுத்தவரை மீகமவின் பக்கமே வலுவானது. காரணம் சிறுமிகள். பழைய இலங்கையில் பிள்ளை பெறும் வயதில் மட்டுமா பெண்கள் கூடுதலாக இறந்தார்கள்? ஒரு வயது தாண்டிய சிறுமிகளும் சிறுவர்களைவிடக் கூடுதலாக இறந்ததைக் கிறிஸ்டோபர் லாங்ஃபோர்டின் ஆய்வு காட்டியது. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பிரசவம் இல்லை; நுளம்பும் தங்கையைத் தேடி அண்ணனை விட்டுவிடாது. காய்ச்சல் கண்டால் யாரை முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவது, கறித்துண்டு யார் தட்டில் விழுவது என்பவையே அங்கே தீர்ப்பெழுதின.

இலவச வைத்தியசாலை நடை தூரத்துக்கு வந்தபோது அந்தத் தெரிவுக்கான தேவை குறைந்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகுத் திட்டம் மெல்ல நாடெங்கும் பரவியது. சில ஆயிரம் பேருக்கு ஒரு மருத்துவமாது என நியமிக்கப்பட்டு, அவள் படலையைத் திறந்துகொண்டு வீட்டுக்கே வந்தாள். 1945இன் இலவசக் கல்வி, அவள் சொல்வதை விளங்கிக்கொள்ளும் தாய்மாரை உருவாக்கியது. தாய் இறப்பு 1950இல் 600க்குக் கீழே வந்தது. இன்று அது 30ஐ ஒட்டி நிற்கிறது. 1960களின் நடுவில் ஆண், பெண் ஆயுட்கோடுகள் சந்தித்தன. பிறகு பெண்ணின் கோடு மேலே போயிற்று. இந்தத் திருப்பத்தை 1983இல் உலகறிய ஆராய்ந்து எழுதியவர் தி. நடராசா. தலைமன்னாரிலிருந்து முப்பது கிலோமீற்றர் அளவு கடலைத் தாண்டினால் தனுஷ்கோடி. இந்தியாவில் இதே சந்திப்பு நிகழ 1980களின் முற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரு கரையிலும் ஒரே மொழி பேசும் மக்கள்தான். நிறப்புரியா இருபது ஆண்டு பிந்தியது?

இதுவரை சொன்னது பெண் மேலேறிய கதை. இடைவெளியின் மற்றப் பாதி, ஆண் ஏறாமல் நின்றதால் வந்தது. 1981இல் ஆணின் ஆயுள் 67.7, பெண்ணுக்கு 72.1. 2000–2002இல் ஆணுக்கு 68.8, பெண்ணுக்கு 77.2. இருபது ஆண்டில் பெண் ஐந்து ஆண்டு கூட்டிக்கொண்டாள். ஆணுக்குக் கிடைத்தது ஓர் ஆண்டும் சொச்சமும். இதே காலத்தில் ரஷ்யாவும் இப்படியொன்றைக் கண்டது. சோவியத் ஒன்றியம் குலைந்தபின் 1994இல் அங்கே ஆணின் ஆயுள் 58ஐக்கூட எட்டவில்லை. பெண்ணோடு இடைவெளி 13 ஆண்டைத் தாண்டியது. அங்கே குடி. இங்கே போர், தற்கொலை, புகை, குடி நான்கும். 1990களின் நடுவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. இறந்தோரில் பெரும்பாலோர் ஆண்கள். பலர் குடித்து இறந்த கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்ததும் அந்த வீதம் சரிந்தது. சட்டத்தின் ஒரு வரி எத்தனை ஆண்களைக் காப்பாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மன்னாரில் போர் எழுதிய கணக்கு தேசிய அட்டவணைக்குள் அடங்காது. 1991இல் குடித்தொகை மதிப்பு எடுக்கப்படவே இல்லை. 2001இல் முழுமையாக எடுக்கப்பட்ட 18 மாவட்டங்களில் மன்னார் இல்லை. 1981இல் ஒரு இலட்சத்து ஆறாயிரம் பேர் இருந்த மாவட்டம், நாடு ஒன்றரைக் கோடியிலிருந்து இரண்டு கோடியைத் தாண்டிய பிறகும், 2012இல் ஒரு இலட்சத்தை எட்டவில்லை. 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்ட எருக்கலம்பிட்டி முஸ்லிம்கள் புத்தளத்தில் முதுமையடைந்தார்கள்; படகேறியவர்கள் மண்டபம் முகாமைத் தாண்டித் தமிழகமெங்கும் சிதறினார்கள். கொல்லப்பட்டவர்களிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களிலும் பெரும்பான்மை ஆண்கள். ஆகவே இக்கரையில் ஆண், பெண் ஆயுள் இடைவெளியைப் பேசுகிறவர் அதன் ஒரு பகுதி துப்பாக்கியால் எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது.

போர் முடிந்தது, கடல் முடியவில்லை. பேசாலை, வங்காலை, பள்ளிமுனை, தாழ்வுபாடு, சிலாவத்துறை எங்கும் கடலில் இறங்குபவன் ஆண். மீனைக் கீறி உப்பிட்டுக் கருவாடு போடுவதும் வலையில் நண்டு கழற்றுவதும் பெண்கள். வேலையில் இருவரும் குறைந்தவர்கள் அல்லர். ஆபத்து மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அதற்கு முன் வட இலங்கையைக் கடந்து வந்தது. மன்னார்க் கரையின் பழைய தலைமுறைக்கு அது மறக்கமுடியாத ஆண்டு. முத்துக்குளிப்புக் காலத்தில் மரிச்சுக்கட்டியில் மூச்சடக்கி இறங்கினார்கள். இன்று சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் கட்டி இறங்குகிறார்கள். முன்பு நெஞ்சின் கொள்ளளவே ஆழத்துக்கும் நேரத்துக்கும் எல்லை வகுத்தது. இப்போது அந்த எல்லை இல்லை. ஆழத்தில் அழுத்தத்தோடு உடம்பில் கரைந்த நைட்ரஜன், அவசரமாக மேலே வருபவனின் இரத்தத்திலும் மூட்டிலும் முள்ளந்தண்டிலும் குமிழியாகிறது. கால் விளங்காமற் போவதும் உண்டு, உயிர் போவதும் உண்டு. நாளுக்கு எத்தனை தடவை இறங்கலாம், எப்படிப் படிப்படியாக ஏறவேண்டும் என்பவை அறியப்பட்ட விதிகள். சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியவனுக்கு அவற்றைக் கடைப்பிடிக்க நேரம் கிடைப்பதில்லை.

கடலில் தப்பியவனைக் கரையில் பீடியும் கள்ளும் சாராயமும் பிடித்துக்கொள்கின்றன. 2015 அளவில் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வில் ஆண்களில் பத்துக்கு மூவர் புகைப்பவர்கள்; பெண்களில் அநேகமாக எவருமில்லை. மாரடைப்பு, பாரிசவாதம், ஈரல் கேடு, வாய்ப்புற்று ஆகியவற்றில் ஆண்கள் முந்திச் சாவதற்கு வேறு மர்மம் தேட வேண்டியதில்லை. 2011 முதல் அரசு நடத்தும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் பிறசரையும் சீனியையும் இலவசமாகப் பார்க்கின்றன. வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கர்ப்பம், தடுப்பூசி, பிள்ளையின் நிறை என்று பெண்ணுக்குக் கிளினிக் பழகிய இடம். இரவெல்லாம் கடலில் கிடந்து காலையில் தூங்குபவனுக்கு அலுவலக நேரத்தில் திறக்கும் கிளினிக் இருந்தும் இல்லாததே.

நீண்ட ஆயுளைப் பெண்ணின் வெற்றியென்று மட்டும் கொண்டாடுவதும் அரைக் கணக்குத்தான். ஆண் முந்திச் செத்தால் மிஞ்சுபவள் விதவை. அரச உத்தியோகத்தரின் மனைவிக்கு விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் உண்டு. கடற்றொழிலாளியின் மனைவியரில் பெரும்பாலோருக்கு மிஞ்சுவது பிள்ளைகளின் தயவு. மூட்டுவலியோடும் மங்கிய பார்வையோடும் எழுபதிலும் கருவாடு காயவைப்பவளுக்குக் கூடுதலாகக் கிடைத்த ஆறு ஆண்டுகள், கூடுதல் வேலைநாட்களாகவே கழிகின்றன.

இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியிலேயே, நகரங்களிலும் மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற நுளம்பு நாட்டில் முதன்முறையாக மன்னார்த் தீவில் பிடிபட்டது. கிணறுகளில் அது பெருகியிருந்தது. மலேரியாத் தடுப்பு இயக்கம் உடனே கிணறு கிணறாக இறங்கியது. அதே உறுதி ஆண்களின் தடுக்கக்கூடிய சாவுகள் மீதும் திரும்ப வேண்டும். மருத்துவமாது ஒருகாலத்தில் படலைக்கு வந்ததுபோல, பிறசர் பார்ப்பவர் மீன் வாடிக்கு, படகு கரைசேரும் நேரத்தில் வரட்டும். சிலிண்டர் கட்டி இறங்குபவனுக்குப் பயிற்சியும் காப்புறுதியும் கட்டாயமாகட்டும். அவன் மனைவிக்கு அறுபது வயதுக்குப் பின் நிலையான ஓய்வூதியம் கிடைக்கட்டும். வடமாகாண சுகாதாரத் திணைக்களமும் கடற்றொழில் கூட்டுறவுச் சங்கங்களும் ஒன்றாய் உட்கார்ந்து இந்த மூன்றையும் பேசாலையிலிருந்தே தொடங்கலாம்.