ஹெர்மியோன்: ஒரு போர்க்கப்பலின் பெயர்மாற்றம்

1782 இல் பிரிஸ்டலில் நீரில் இறக்கப்பட்ட பிரித்தானியப் பிரிகேட் கப்பலான ஹெர்மியோன், 1797 செப்டெம்பரில் கரிபியன் கடலில் நின்றது. பாய்களைச் சுருக்கிப் பருமலிலிருந்து கடைசியாக இறங்குவோருக்குக் கசையடி எனக் கப்டன் ஹியூ பிகொட் மிரட்டினார். விரைந்து இறங்க முயன்ற இளம் மாலுமிகள் மூவர் தளத்தில் வீழ்ந்து மாண்டனர். உடல்களைக் கடலில் எறியுமாறு அவர் பணித்தார்.

மறுநாளிரவு கிளர்ந்தெழுந்த மாலுமிகள் பிகொட் உட்படப் பதின்மரைக் கொன்று, கப்பலை லா குவைராவில் ஸ்பானியரிடம் ஒப்படைத்தனர். மாண்டோருள் பயிற்சி அதிகாரியான சிறுவன் ஒருவனும் இருந்தமையை நாம் மறைப்பதற்கில்லை.

1799 ஒக்டோபரில் சர்ப்பிரைஸ் கப்பலினர் அதனை மீட்டனர். 'பதிலடி' என்றும், பின்னர் 'தண்டனை' என்றும் பொருள்படும் ஆங்கிலப் பெயர்கள் அதற்கு இடப்பட்டன. ஏனைய கப்பல்களின் மாலுமிகளுக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கையாகவே இப்பெயர்களை நாம் கருதுகிறோம். பிடிபட்ட கிளர்ச்சியாளருள் 24 பேர் தூக்கிலிடப்பட்டனர். கப்பல் 1805 இல் உடைக்கப்பட்டது.