துணி விற்று வாங்கிய கிராமம்

விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து கையால ஏதாவது செஞ்சுக்கிட்டேதான் இருக்கேன். கொலு பொம்மைக்குச் சட்டை, கல்யாணப் பத்திரிகையில பை, இப்போ லினோகட். எங்க வீட்ல கேட்கிற கேள்வி மட்டும் மாறவே இல்ல: “இது சோறு போடுமா?” அந்தக் கேள்விக்கு மெட்ராஸ்ல சில பேர் கண்டுபிடிச்ச பதில்தான் இன்னிக்கு எபிசோட்.

எழும்பூர் பக்கம் இருக்கிற கவின் கலைக் கல்லூரியை 1850-ல ஆரம்பிச்சவர் அலெக்சாண்டர் ஹண்டர், ஒரு டாக்டர். ரெண்டே வருஷத்துல அரசாங்கம் அதை எடுத்துக்கிச்சு. அப்போ அங்க ஓவியத்தோட மண்பாண்டமும் அச்சுச் செதுக்கலும் சொல்லிக்கொடுத்தாங்க. 1898-ல ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் அங்கேயே அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பிச்சார். ஆக, கலையும் கைவேலையும் அங்க ஒரே கூரைக்குக் கீழதான் இருந்தது.

1957-ல அங்க முதல்வரானவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். அவருக்கு ஒரு கவலை. நல்லா வரையிற பசங்க படிச்சு முடிச்சதும் என்ன பண்ணுவாங்க? மெட்ராஸ்ல நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க ஆளே கம்மி. வேற வேலைக்குப் போனா, வரையறது கொஞ்சம் கொஞ்சமா நின்னுடும்.

அதனால 1963-ல ஓவியர்கள் சேர்ந்து கைவினைக்குன்னு ஒரு சங்கம் தொடங்கினாங்க. அதுல நல்லா விலைபோனது பாத்திக் துணி. உருக்கின மெழுகால துணியில வரையணும். சாயத்துல முக்கினா, மெழுகு இருக்கிற இடத்துல நிறம் ஏறாது. மெழுகு விரிசல் விட்ட இடத்துல மட்டும் சாயம் நூல் மாதிரி உள்ள இறங்கும். கடைசியா மெழுகை எடுத்துட்டா படம் வந்துடும். கோடு போடத் தெரிஞ்ச கைக்கு இது அந்நியமான வேலையே இல்ல.

அப்படிச் சேர்த்த காசுலதான் 1966-ல இஞ்சம்பாக்கத்துல, கடலோரமா இடம் வாங்கி சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினாங்க. அன்னிக்கு அது வெறும் மணல்வெளி. அரசாங்கமோ பணக்காரப் புரவலரோ கட்டிக்கொடுத்த ஊர் இல்ல அது.

எனக்குப் பிடிச்சது அவங்க போட்ட கணக்கு. ‘எனக்குச் சோறு போடு’ன்னு ஓவியத்தை அவங்க நெருக்கல. அந்தப் பாரத்தைக் கைவேலை சுமந்தது. அதனால யாருக்குப் பிடிக்கும், எது விற்கும்னு யோசிக்காம வரைய முடிஞ்சது. பணிக்கரோட ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்கள் பிறந்தது இதே காலத்துலதான்.

எல்லாரும் அங்கேயே இருந்துடல. விஸ்வநாதன் பாரிஸ் போனார், எஸ்.ஜி. வாசுதேவ் பிறகு பெங்களூர் போனார். பணிக்கர் 1977-ல காலமானார். ஆனா கிராமம் நிக்குது, 2009-ல இருந்து அங்க ஒரு அருங்காட்சியகமும் இருக்கு.

கைவேலைன்னா கலைக்கு ஒரு படி கீழன்னு யாராவது சொன்னா, இந்தக் கதையைச் சொல்லுங்க. அப்படியே ஈசிஆர் பக்கம் போறப்ப ஒரு மணி நேரம் ஒதுக்கி உள்ள போய்ப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.