பொது மருத்துவ நிலைய வரவேற்பாளர் (இங்கிலாந்து)

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரின் நிலையத்தை நாடும் நோயாளி முதலில் பேசும் பணியாளர். 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய தேசிய சுகாதார சேவையில், சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் பெரும்பாலும் குடும்ப மருத்துவரின் பரிந்துரை வேண்டும். அந்தக் குடும்ப மருத்துவரை அணுகும் வழியில் முதலில் நிற்பவர் என்பதால் வரவேற்பாளரின் பொறுப்பு பெரிது.

பணிகள்: நேரம் ஒதுக்குதல், புதியவர்களைப் பதிவுசெய்தல், தொடர் மருந்துக்கான கோரிக்கைகளை மருத்துவரிடம் சேர்த்தல், மருத்துவமனைக் கடிதங்களைக் கோப்பில் ஏற்றுதல். பதிவுக்கு முகவரிச் சான்றோ குடியேற்ற ஆவணமோ கட்டாயமில்லை.

வழிகாட்டல்: பல நிலையங்களில் காலை 8 மணிக்கே தொலைபேசி அழைப்புகள் குவிந்துவிடும். "உடம்புக்கு என்ன செய்கிறது?" என்று வரவேற்பாளர் கேட்பது, யாரிடம் அனுப்புவது என்று தீர்மானிக்கத்தான். கடும் நெஞ்சுவலி என்றால் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்கச் சொல்வார். தொண்டைவலி, அக்கி, பூச்சிக்கடித் தொற்று உள்ளிட்ட 7 நோய்களுக்கு 2024 ஜனவரி 31 முதல் மருந்தகத்திலேயே சிகிச்சை பெறலாம். தகுந்தவர்களை அங்கே அனுப்புவார். நோயைக் கண்டறிவது இவர் வேலையன்று.

இரகசியம்: மருத்துவரைப் போலவே இவரும் நோயாளியின் விவரங்களைக் காக்கக் கடமைப்பட்டவர். கேட்பவர் கணவரோ மகனோ ஆனாலும், நோயாளியின் ஒப்புதலின்றிப் பரிசோதனை முடிவைச் சொல்லக்கூடாது.

மதிப்பீடு: மருத்துவரைப் பார்க்க நேரம் கிடைக்காதவர்களின் கோபம் முதலில் இவர்மீதே பாய்கிறது. நேரம் போதாமைக்கு இவர் காரணமல்லர். நல்ல பயிற்சியும் பொதுமக்களின் மரியாதையும் இவருக்குக் கிடைக்க வேண்டியவை. அவை இருக்கும் இடத்தில் நோயாளிக்கே நன்மை.