உச்சந்தலையிலிருந்து கால்விரல் வரை

சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர் ஊ பா கின், ரங்கூனில் தன் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தார். முதலில் மூச்சைக் கவனிக்க வேண்டும். பிறகு கவனத்தை உச்சந்தலையிலிருந்து கால்விரல் வரை நகர்த்தி, எங்கே வலி, எங்கே சூடு, எங்கே மரத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எதையும் மாற்ற முயலக்கூடாது. கோப்பும் குடும்பமுமாக இருப்பவர்களுக்கான வழி அது.

1955இல் தீராத ஒற்றைத் தலைவலியோடு அவரிடம் போனவர் மண்டலேயில் பிறந்த வியாபாரி எஸ்.என். கோயங்கா. தலைவலிக்காக மட்டும் வருவதானால் வேண்டாம் என்றுதான் ஆசிரியர் முதலில் சொன்னார். அதே கோயங்கா 1969இல் பயிற்சியை மும்பைக்குக் கொண்டுவந்தார். இந்தியாவில் அவர் நடத்திய முதல் பத்து நாள் முகாம் அங்கேதான் நடந்தது. அவருடைய பெற்றோரும் அதில் உட்கார்ந்தார்கள்.

இன்னொரு கிளை அமெரிக்கா போனது. ஊ பா கினிடம் கற்ற ராபர்ட் ஹோவரின் முகாமில் இருந்தவர் ஜான் கபாட்-ஜின். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நாள்பட்ட வலிக்காரர்களுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்தார். அவர்களால் நெடுநேரம் உட்கார முடியாதே! படுக்கவைத்தார். திசையும் மாறியது: இடது கால்விரலில் தொடங்கி மேலே. தினம் 45 நிமிடம்.

நோயாளிக்கு வந்தது பிறகு நோயாளியைப் பார்ப்பவர்களுக்கும் வந்தது. செவிலியர் மாணவர்களிடம் மன அழுத்தமும் பதற்றமும் குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள்தான்.

மும்பையை ஒட்டிய நவி மும்பையில் இருக்கிறது நெருல். அங்கே நர்சிங் கல்லூரிகள் உண்டு. காலை வார்டு போஸ்டிங், மதியம் வகுப்பு, இரவில் கேர் பிளான் எழுதுவது. இதற்கு நடுவே 45 நிமிடத்துக்கு எங்கே போவாள் ஒரு மாணவி? கை கழுவும் நேரம் இருக்கிறது. சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குள் பாதம் தரையில் பதிவதை உணரலாம், நாலு மூச்சு கவனிக்கலாம். நாளுக்கு எத்தனை முறை கழுவுகிறார்களோ அத்தனை முறை.

தன் கையால் உணவூட்டிய நோயாளி இறந்த அன்று அது போதாது. டியூட்டர் அவளை உட்காரவைக்க வேண்டும், போஸ்டிங் நேரத்திலேயே. ஹாஸ்டல் தூக்கத்தை வெட்டி அல்ல. வார்டில் ஆள் பற்றாக்குறையைத் தியானத்தால் ஈடுகட்டவும் கூடாது. கண்ணை மூடினால் அந்த முகம்தான் வருகிறது என்று அவள் சொன்னால், கண்ணைத் திறந்தே இருக்கட்டும். அதுவும் முடியவில்லையா, பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போக வேண்டும், அன்றைக்கே.