இடக்கையில் முட்டை, வலக்கையில் ரிக்பி

1907-ஆம் ஆண்டு. இமயமலை அடிவாரத்துக் குமாவோன் பகுதியில் சம்பாவத் என்றொரு ஊர். அந்த ஊர்த் தாசில்தார் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் ஆள் அனுப்பிச் சேதி சொன்னார். புலியைக் கலைக்க ஆண்கள் எல்லோரும் வர வேண்டும். வீட்டில் துப்பாக்கி இருந்தால் எடுத்து வரலாம். உரிமம் உண்டா என்று கேட்க மாட்டேன், மருந்தும் குண்டும் தீர்ந்துபோனால் நானே தருகிறேன்.

298 பேர் வந்தார்கள். கூரையிலும் பரணிலும் ஒளித்து வைத்திருந்த துருப்பிடித்த துப்பாக்கிகள் அன்று பகல் வெளிச்சத்துக்கு வந்தன. அவர்கள் தேடி வந்தது ஒரு பெண்புலியை. நேபாளத்திலும் குமாவோனிலுமாக அது கொன்றவர்கள் 436 பேர் என்பது கணக்கு. அதைச் சுட வந்திருந்தவர் ஜிம் கார்பெட், முப்பதைக் கடந்தவர். கையில் 500 போர் ரைபிள், அதற்கு மூன்றே தோட்டாக்கள். குழலின் உள்வாய் அளவைத்தான் துப்பாக்கிக் கடைக்காரர்கள் ‘போர்’ என்பார்கள். 500 என்றால் அரை அங்குலம்.

மூன்று தோட்டாவும் தீர்ந்தன. அடிபட்ட புலி பாறை மேல் நின்றுகொண்டிருந்தது. கார்பெட் ஓடிப்போய்த் தாசில்தாரின் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார். புலிக்குச் சுமார் இருபதடி தூரத்தில் நின்று அதை உயர்த்தியபோதுதான் கவனித்தார்: குழலுக்கும் அதன் பின்கட்டைக்கும் நடுவே முக்கால் அங்குலத்தில் பாதி அளவுக்கு இடைவெளி. சுட்டால் நெருப்பு பின்பக்கமாக முகத்தில் பாயலாம். தாசில்தார் சற்று முன் அதைச் சுட்டும் குழல் வெடித்துச் சிதறவில்லையே என்ற தைரியத்தில் விசையை அழுத்தினார். புலியின் திறந்த வாய்க்கு வைத்த குறி அதன் வலது பாதத்தில் பட்டது. நல்லவேளையாக, முந்தைய காயங்களிலேயே புலியின் உயிர் முடிந்திருந்தது.

எந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போவது என்ற கேள்வி இந்தியாவில் ஒரு நூற்றாண்டுக் காலம் பலபேருடைய உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. காசு, சட்டம், உடல்வலு, வெடிமருந்து எல்லாம் சேர்ந்துதான் அதற்கு விடை சொல்லின. வேட்டைக்காரரின் விருப்பம் கடைசியில்தான் வரும்.

முதலில் மருந்து. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி கருமருந்தின் காலம். அதில் குண்டின் வேகம் குறைவு. பெரிய மிருகத்தைச் சாய்க்க வேண்டுமானால் ஒரே வழி, குண்டைப் பெரிதாக்குவதுதான். குண்டு பெரிதானால் மருந்து கூடும், மருந்து கூடினால் குழல் தடிக்கும், குழல் தடித்தால் பளு ஏறும். 1840-களில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்ற கொல்லரிடம் சொல்லிச் செய்வித்த ரைபிளின் எடை 21 ராத்தல், கிட்டத்தட்ட ஒன்பதரைக் கிலோ. இதைச் சுமப்பதற்கென்றே கூடவே ஆட்கள் நடந்தார்கள். சுட்டவுடன் எழும் வெண்புகையில் எதிரே யானை விழுந்ததா, வருகிறதா என்பதே தெரியாது. புகை விலகும் அந்த நொடிகளில் செத்தவர்கள் உண்டு. இந்தப் பெருந்துப்பாக்கிகளால் இலங்கையின் மலைக்காடுகளில் நடந்ததை வேட்டை என்று சொல்ல மனம் வரவில்லை. மேஜர் ராஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகப் பதிவாகியிருக்கிறது. 1845-இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார்.

நூற்றாண்டின் கடைசியில் கார்டைட் என்ற புகையற்ற மருந்து வந்ததும் கணக்கு தலைகீழானது. சின்னக் குண்டே பெரிய வேகத்தில் பாய்ந்து ஆழமாகத் துளைத்தது. லண்டனின் ஜான் ரிக்பி கம்பெனி 1898-இல் கொண்டுவந்த 450 போர் இரட்டைக்குழல் ரைபிள், யானை, காட்டெருமை, புலி மூன்றுக்கும் பொதுவான ஆயுதமாகப் பேர் வாங்கியது. இந்தியாவில் பணம் படைத்த வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் அதன்மேல் கண் வைத்தார்கள்.

அப்போதுதான் சர்க்கார் குறுக்கே வந்தது. பிரிட்டிஷ் படை கைவிட்ட மார்ட்டினி-ஹென்றி ரைபிள்கள் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்திலும் சூடானிலும் கலகக்காரர்கள் கைக்குப் போயிருந்தன. அவற்றின் குண்டும் 450 அளவுதான். வேட்டைத் தோட்டாக்களைப் பிரித்து அந்தக் குண்டுகளை எடுத்து மார்ட்டினிக்குப் பயன்படுத்திவிடுவார்கள் என்ற பயத்தில், இந்தியாவுக்குள் 450 போர் வருவதையே 1907 வாக்கில் தடைசெய்தார்கள். இந்தியச் சந்தையை இழக்க மனமில்லாத லண்டன் கொல்லர்கள் ஆளுக்கொரு புது அளவைப் பிறப்பித்தார்கள். 465, 470, 475, 476 என்று காதுக்கு ஒரேமாதிரி ஒலிக்கும் அத்தனை எண்களும் இந்த ஒரு தடையின் பிள்ளைகள். இன்றும் ஆப்பிரிக்காவில் யானை வேட்டைக்காரர்கள் 470-ஐத் தேடி வாங்குகிறார்கள். அந்த எண் அமைந்ததற்கு இந்திய சர்க்காரின் பயமும் ஒரு காரணம்.

சட்டத்தின் கை அதற்கும் முன்பே கிராமத்து வீடுகளுக்குள் நுழைந்திருந்தது. 1878-இல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. தோட்டத்தைப் பன்றியிடமிருந்து காக்க நினைத்த குடியானவர் கச்சேரி வாசலில் நின்றார். உரிமம் கிடைத்தாலும் அவர் காசுக்குக் கட்டுப்படியானது வாய்வழியே மருந்து கெட்டித்து, ரவை போட்டு, குச்சியால் இடிக்கும் நாட்டுத் துப்பாக்கிதான். சம்பாவத்தில் அன்று வெளியே வந்தவை இப்படிப்பட்டவைதான். குமாவோனில் அத்தனை பேர் சாகும்வரை அந்த மலை மக்கள் ஒரு புலியை எதிர்கொள்ள முடியாமல் இருந்ததற்கு அவர்களுடைய பயத்தை மட்டும் காரணம் சொல்வது அநியாயம். அவர்கள் கையில் இருக்கவேண்டியதைச் சட்டம் பிடுங்கி வைத்திருந்தது.

போர் அளவைச் சர்க்கார் தீர்மானிக்கும் வழக்கம் வெள்ளைக்காரனோடு போய்விடவில்லை. ராணுவ அளவான 303 பொதுமக்களுக்கு இல்லை என்பதால், வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை 315 போர் ரைபிளைச் செய்து விற்றது. வட இந்தியக் கிராமங்களில் பண்ணையார் வீட்டுச் சுவரில் தொங்குவது பெரும்பாலும் அதுதான்.

சம்பாவத் புலி விழுந்ததும் ஐக்கிய மாகாணத்தின் லெப்டினென்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட் கார்பெட்டுக்கு ஒரு ரைபிள் பரிசளித்தார். ரிக்பி கம்பெனியின் 275 போர். மரக்கட்டையில் பதித்த சிறு வெள்ளித் தகட்டில் பரிசின் காரணம் பொறிக்கப்பட்டது. ஜெர்மனியின் மவுசர் வடிவமைத்த 7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் அங்குலக் கணக்கில் வைத்த பெயர்தான் 275. ரிக்பி அப்போது மவுசரின் பிரிட்டிஷ் ஏஜென்ட். இதே தோட்டாவால் தென்னாப்பிரிக்கப் போயர் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் செத்திருந்தார்கள். சில வருடங்களுக்குள் அதே லண்டனில் அது கனவான்களின் வேட்டைத் தோட்டாவாகிவிட்டது.

அதன் குண்டு சுண்டுவிரல் பருமன்கூடக் கிடையாது. மெலிந்து நீண்டது, அதனால் எலும்பிலும் தசையிலும் வளையாமல் நேராகத் துளைத்துக்கொண்டு போகும். துப்பாக்கியின் எடை சுமார் மூன்றரைக் கிலோ. முக்கியமாக, உதை குறைவு. தோளில் பலமாக உதைக்கும் என்று தெரிந்த துப்பாக்கியைச் சுடும்போது, விசையை அழுத்தும் முன்பே உடம்பு தானாகச் சுருங்கிக்கொள்ளும், குறி தப்பும். 275-இல் அந்தப் பயம் இல்லை. பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளை இந்தச் சின்னக் குண்டால் மூளையில் சுட்டு வீழ்த்தினார். யானைத் தலையை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைப் படித்தவர் அவர். அந்தப் படிப்பில்லாமல் அதே ரைபிளைத் தூக்கியவர்கள் காயம்பட்ட யானைகளைக் காட்டில் விட்டுவந்தார்கள். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பெரிய மிருகங்களுக்கு 375-க்குக் குறைந்த போர் கூடாது என்று பிற்காலத்தில் விதி வந்ததற்கு நியாயம் இருக்கிறது.

கார்பெட்டிடம் கனத்த ரைபிளும் இருந்தது, ஜெஃப்ரி கம்பெனியின் 450/400 இரட்டைக்குழல். பெயரில் 450 இருந்தாலும் குண்டு 400-தான். இரண்டில் எதை எடுப்பது என்பதை அவருடைய கால்கள்தான் தீர்மானித்தன என்று தோன்றுகிறது. ராஜாக்களும் கவர்னர்களும் யானை அம்பாரியில் உட்கார்ந்து சுட்டார்கள். துப்பாக்கி எத்தனை கிலோ என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. கார்பெட் தனியாக, நடந்து, பகல் முழுக்கச் செங்குத்தான மலையில் ஏறி இறங்கினார்.

1930 ஏப்ரல் 11. சௌகட் வட்டாரத்தில் 64 பேரைக் கொன்ற புலிகளில் மிஞ்சியிருந்த தாய்ப்புலியைத் தேடி, ஒரு வறண்ட ஓடையில் இறங்குகிறார் கார்பெட். வழியில் பக்கிக்குருவி ஒன்று எழுந்து பறக்கிறது. அது இருந்த இடத்தில் இரண்டு முட்டைகள், வழக்கமில்லாத வடிவம். பறவை முட்டை சேர்க்கும் பழக்கம் உள்ளவர், இவை தம்மிடம் இல்லையே என்று எடுத்துப் பாசியில் பொதிந்து இடக்கையில் வைத்துக்கொள்கிறார். ரைபிள் வலக்கையில், மார்புக்குக் குறுக்கே. பெரிய பாறை ஒன்றை முதுகால் உரசியபடி வழுக்கி இறங்கி, மணலில் கால் வைத்து, வலப்பக்கம் தலையைத் திருப்பினால் நேரெதிரே புலியின் முகம். எட்டடி தூரம். பாய்வதற்கு ஒடுங்கிப் படுத்திருக்கிறது.

துப்பாக்கியின் வாய் வேறு பக்கம் நோக்கியிருந்தது. முக்கால் வட்டம் சுற்றினால்தான் புலிக்கு நேராகும். இரண்டாவது கையைக் கொண்டுபோனால் அந்த அசைவுக்கே பாய்ந்துவிடும், அதில் முட்டை வேறு. ஒற்றைக் கையால், அசைவதே தெரியாதபடி, மெல்ல மெல்ல ரைபிளைச் சுற்றுகிறார். கட்டை விலாவில் இடிக்கிறது, கையை நீட்டுகிறார். கை முழுவதும் நீண்டு, ரைபிளின் பளு மணிக்கட்டை இழுக்கத் தொடங்கும் நேரம், குழல் புலியின் உடலுக்கு நேராகிறது. விசையை அழுத்துகிறார். குண்டு முதுகெலும்பையும் இதயத்தையும் கிழித்தது.

அன்று பிழைத்ததற்கு அவர் எண்ணிய காரணங்களில் ஒன்று கையிலிருந்த முட்டைகள். அவை இல்லாவிட்டால் இரண்டு கையாலும் ரைபிளைச் சுழற்றியிருப்பார், புலி அப்போதே பாய்ந்திருக்கும். இன்னொன்று அந்த ரைபிளின் இலேசு. இரட்டைக்குழல் ரைபிளாக இருந்திருந்தால் ஒற்றைக் கை அந்த முக்கால் வட்டத்தை முடித்திருக்காது. முட்டைகளை அவர் சேகரிப்பில் சேர்க்கவில்லை. உடையாமல் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்தார். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தபோது குருவி திரும்பி வந்து அடைகாத்துக்கொண்டிருந்தது.

தூரத்தைக் கிட்டே காட்டும் கண்ணாடி அவர் கதைகளில் ரைபிள்மேல் ஏறவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது இருட்டில் பார்க்க ஒரு வழி. 1926 மே மாதம் ருத்ரப்பிரயாகையில், 125 பேரைக் கொன்ற சிறுத்தைக்காக மாமரத்தின் மேல் காத்திருந்தபோது ரைபிளோடு ஒரு டார்ச்சைப் பொருத்தியிருந்தார். கீழே கட்டிய ஆட்டின் மணி ஒலித்ததும் பொத்தானை அழுத்தினார், வெளிச்சத்தில் சிறுத்தையின் தோள் தெரிந்தது, சுட்டார். உடனே டார்ச்சும் அணைந்துபோனது. அடிபட்டதா இல்லையா என்று தெரியாமல் விடியும்வரை மரத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

தெற்கே இதே கேள்விக்கு வேறொரு விடை இருந்தது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், ஜவளகிரி, பெண்ணாகரம், ஒகேனக்கல் காடுகளில் கொண்டு திரிந்தது அமெரிக்காவின் 405 போர் வின்செஸ்டர். விசைக்குக் கீழே உள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். இங்கிலாந்து இரட்டைக்குழலின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை கொஞ்சம்தான், சம்பளக்காரர் வாங்கக்கூடியது. காவிரிக் கரையின் முட்காட்டில் மிருகம் கிட்டத்தில்தான் எதிர்ப்படும், அதற்குக் கனத்த குண்டும் சட்டென்று ஏறும் இரண்டாம் தோட்டாவும் போதுமானவை. ஆண்டர்சனும் அதிகமாக நடந்தவர்தான். அவருக்கு அது பொருந்தியது.

1972-இல் நாட்டில் எடுத்த கணக்கில் மிஞ்சிய புலிகள் 1,827. அதே ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை நாம் நன்றியோடுதான் நினைக்க வேண்டும், இன்னும் சில வருடங்கள் தாமதித்திருந்தால் காக்க ஒன்றும் இருந்திருக்காது. கார்பெட் அதற்கு வெகு முன்பே ரைபிளை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்திருந்தார். 1947-இல் கென்யாவுக்குப் போய் 1955-இல் அங்கே இறந்தார். 275 ரிக்பி அவர் புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்திடம் போய்ச் சேர்ந்தது. 2015-இல் ரிக்பி கம்பெனியே அதைத் திரும்ப வாங்கியது. மறு வருடம் விமானத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, கார்பெட் தம் காசில் வாங்கிக் குடியானவர்களுக்குக் கொடுத்த சோட்டி ஹல்த்வானி கிராமத்து மக்களிடம் காட்டினார்கள்.