தடைக்காலமும் தேர்வு முடிவும்: வடசென்னையில் பெற்றோரைச் சந்திக்கும் வேளை

வளரிளம் பருவத் தற்கொலைத் தடுப்புக் கூட்டத்துக்கு ஆள் சேராதபோது, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடலோரத்தில் அந்த விளக்கம் நிற்காது. 2023 டிசம்பர் இறுதியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபின், கசிவுக்குக் காரணமான ஆலையை மூடக் கோரி நாள்கணக்கில் போராட்டத்தில் அமர்ந்தவர்கள் இதே தாய் தந்தையர்தாம். பிள்ளைகளின் மூச்சுக்காக அமர்ந்தவர்களுக்கு அந்தப் பிள்ளைகளின் மனம் பொருட்டில்லை என்று எப்படிச் சொல்வது?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-இல் பதிவு செய்த மாணவர் தற்கொலைகள் 13,044. அவ்வாண்டு மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. இந்நிலையில் வருகைக் குறைவின் காரணத்தைப் பெற்றோரின் மனப்பான்மையில் தேடுவதைவிட, கூட்டம் வைக்கும் நேரத்திலும் அழைக்கும் முறையிலும் தேடுவதே பயன் தரும். வேலைநாள் பிற்பகல் பள்ளிக்குத் தோதான நேரம். விடியுமுன் காசிமேட்டு ஏலத்துக்குப் போன பெண் அப்போதும் தெருவில் மீன் விற்றுக்கொண்டிருப்பார். மணலியில் ஷிப்ட் பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வர மனமிருந்தாலும் கூலி போய்விடும்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பொதுத்தேர்வு முடிவுகளும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வருகின்றன. தகப்பன் கரையில் இருக்கும் 61 நாளுக்குள்ளேயே பிள்ளையின் நெருக்கடியும் வந்து சேர்கிறது. வருமானமில்லாத வீட்டில் வாய்ச்சண்டையும் அப்போதுதான் கூடும். கூட்டம் வைக்க இதுவே வேளை; பள்ளி பூட்டியிருக்கும் என்பது தடையல்ல. குப்பத்துச் சமுதாயக் கூடத்தில், ஊர் நிர்வாகிகளும் மகளிர் சுய உதவிக் குழுவும் அழைத்தால் தகப்பன்மாரும் வருவார்கள். தோற்றவர் ஓராண்டை இழக்காமல் துணைத்தேர்வு எழுதும் ஏற்பாட்டுக்கு, 1986-இல் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் வலியுறுத்தலும் ஒரு காரணம். அந்த வழி இருப்பதை, முடிவு வருமுன்பே தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும்.

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால், “என்ன தப்பு பண்ணான்?” என்பதே வீட்டில் எழும் முதல் கேள்வி. நோட்டீசில் ‘தற்கொலை’ என்று கண்டால் தம் பிள்ளைமீது ஐயம் விழுந்ததாகக் கூசிப்போவார்கள். ஆகவே அழைப்பில் தேர்வு முடிவு, தூக்கம், கோபம் ஆகியவை இருக்கட்டும். இது ஏமாற்று அல்ல. அபாயக் குறிகள் தென்படும் இடங்கள் இவைதாம். கூட்டத்துக்குள்ளே மட்டும் சுற்றி வளைக்கக் கூடாது. தற்கொலை பற்றிக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற அச்சத்துக்கு ஆய்வுச் சான்று இல்லை. உலக சுகாதார நிறுவனமும் நேராகக் கேட்கலாம் என்றே சொல்கிறது. “செத்துடலாம்போல தோணுதா கண்ணு?” என்று கேட்கவும், ஆமாம் என்றால் திட்டாமல் பக்கத்தில் உட்காரவும் தாய் அங்கேயே வாய்விட்டுப் பழக வேண்டும். மருந்து மாத்திரைகளைப் பூட்டிவைப்பதும் மனநல உதவி எண் 14416-ஐ அழைப்பதும் அதையடுத்து வருபவை.

வருகைப் பதிவேட்டுக் கையெழுத்து இதற்கெல்லாம் அளவாகாது. ஜூனில் பள்ளி திறந்ததும், மனசு சரியில்லையென்றால் வீட்டில் யாரிடம் சொல்வாய் என்று மாணவர்களைப் பெயரில்லாத தாளில் எழுதச் சொல்லலாம். ‘அப்பா’ என்ற விடை எத்தனை தாளில் வருகிறது என்று, கூட்டம் நடந்த குப்பத்தையும் நடக்காத குப்பத்தையும் ஒப்பிட்டால் இந்த வாதம் நிற்குமா என்று தெரிந்துவிடும்.