மணலி துபாஷ்

மணலி என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 18-ஆம் நூற்றாண்டுச் சென்னப்பட்டணத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு மனிதரின் முகம்தான் ஜனங்களுக்குத் தோன்றியிருக்கும். அவர் கவர்னர் பிகட் துரையின் துபாஷ், மணலி முத்துக்கிருஷ்ண முதலியார்.

துபாஷ் என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று பொருள். உத்தியோகமோ அதோடு நிற்பதில்லை. துரையிடம் காரியம் ஆக வேண்டுமானால் முதலில் துபாஷின் திண்ணைக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்டவர்களை ஊர் வணங்கும். முதுகுக்குப் பின்னால் ஏசவும் செய்யும்.

முதலியாருக்கு வந்த சோதனை சாமானியமானதல்ல. கோட்டைக்கு எதிரே, இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில், பட்டணம் கோயில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் படையெடுப்பார்கள் என்ற பயத்தில் கோட்டையைச் சுற்றி வெட்டவெளி ஆக்கினார்கள். 1757-இல் கோயிலும் போயிற்று. அப்போது கவர்னர் யார்? சாட்சாத் பிகட் துரையேதான்! சாமியை இடம் பெயர்த்தவனிடம் சம்பளம் வாங்குகிறவர் என்று ஜனங்கள் பார்க்கிற பார்வையை எப்படித் தாங்கியிருப்பார்? கதை எழுதுகிறவனுக்கு இந்த ஓர் இடம் போதும்.

முதலியார் உத்தியோகத்தை உதறவில்லை. துரையின் பக்கத்திலேயே இருந்துகொண்டு, பழைய கோயிலுக்கு ஈடாகக் கம்பெனியிடம் நிலம் கேட்டு வாங்கினார். ஊராரிடம் பணம் திரட்டினார். தம் பங்காக 5,202 வராகன் போட்டார். இதைச் சாமர்த்தியம் என்பதா, பிராயச்சித்தம் என்பதா? இரண்டும் கலந்ததென்றே எனக்குப் படுகிறது.

பூக்கடைக்கு அருகே சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்னமல்லீசுவரருக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுந்த கோயில்கள் 1780-இல்தான் முடிந்தன. அதற்குள் பிகட்டின் கதை முடிந்துவிட்டது. 1763-இல் சீமைக்குப் போனவர் 1775-இல் மறுபடி கவர்னராக வந்தார். தஞ்சை ராஜாவுக்கு ராஜ்யத்தைத் திருப்பிக் கொடுத்ததில் நவாபின் கடன்காரர்களுடைய விரோதம் மூண்டது. 1776-இல் சொந்தக் கவுன்சில்காரர்களே அவரைச் சிறை செய்தார்கள். 1777-இல் காவலிலேயே இறந்தார்.

துரை போனாலும் மணலி வீட்டின் செல்வாக்குப் போகவில்லை. 'இராம நாடகம்' பாடிய சீகாழி அருணாசலக் கவிராயரை ஆதரித்தவர் இந்த முதலியார்தான். பிறகு திருவாரூரிலிருந்து ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தோடு மணலிக்கு வந்து தங்கியதும் முதலியார் குடும்பத்தின் ஆதரவில்தான். அவருடைய மகன் முத்துசுவாமி கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியம் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத சாகித்தியம் செய்தார். பாட்டு வகுப்பில் குழந்தைகள் இன்றும் பாடுகிற நோட்டுஸ்வரங்கள் அவை.